கிராண்ட்பாஸுக்கும் ஒரு மீன்குளம் வேண்டும்

வடகொழும்பின் கிராண்ட்பாஸுக்கு ஒரு மீன்குளம் வேண்டும். பிள்ளைகள் தூண்டில் போடவும், வயதானவர்கள் நிழலில் வாங்கில் உட்கார்ந்து பார்க்கவும், மாநகர சபை பொறுப்பெடுத்துப் பராமரிக்கவும் ஒரு சின்னப் பொதுக்குளம். வீட்டுப் பிரச்சினை, குப்பைப் பிரச்சினை, போதைப்பொருள் பிரச்சினை என்று ஆயிரம் இருக்கும்போது இது என்ன ஆசை என்று சிலர் கேட்பார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பொழுதுபோக்குக்காக மீன் விட்டு வளர்ப்பது இந்த நாட்டுக்குப் புதிதல்ல. ஆளுநர் வில்லியம் கிறகரியின் காலத்தில், 1873இல், நுவரெலியாவின் சதுப்பு நிலத்தில் ஒரு வாவி கட்டப்பட்டது. 1881இல் அதில் டிரவுட் மீனை விட்டவர், அங்கே உதவி அரசாங்க அதிபராக இருந்த லே மெசூரியர். துரைமாருக்குத் தங்கள் ஊரில் போலத் தூண்டில் போட ஒரு மீன் தேவைப்பட்டது. முட்டைகள் கப்பலில் வந்தன. பிறகு மீன்குஞ்சு பொரிக்க ஓர் இடம், தூண்டில்காரருக்கு ஒரு கிளப், அனுமதிச் சீட்டு, காவல் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஹோட்டன் சமவெளியின் ஓடைகளிலும் டிரவுட் குடியேறியது.

என் அப்பா நானுஓயாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, இளம் வயதிலேயே கிராண்ட்பாஸுக்குக் கடைச் சிப்பந்தியாக வந்தவர். துரை டிரவுட் பிடிக்கப் போகும் நாளில் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது தாத்தாவின் வேலை என்று சொல்வார். கூடை சுமக்கலாம், தூண்டிலைத் தொடக்கூடாது. மலையைக் கொத்தித் தேயிலை நட்டவர்களுக்கு அந்தத் தண்ணீரின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மாலைப் பொழுதைக் கழிக்க உரிமை இருக்கவில்லை. ஓய்வும் ஒரு மனிதத் தேவைதான் என்பதை அந்தக் காலம் ஒரு பகுதி மக்களுக்கு மட்டும் ஒப்புக்கொண்டது.

இன்று என்ன நிலை? களனி கங்கை எங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடுகிறது. மழைக்காலத்தில் நாகலகம் வீதியில் நீர்மட்டம் எத்தனை அடி என்று வானொலி சொன்னால்தான் எங்களுக்குத் தூக்கம் வரும். தண்ணீரைக் கண்டு பயப்படத் தெரிந்த எங்களுக்கு, அதனோடு சந்தோஷமாக இருக்க ஓர் இடம் இல்லை.

என் பலசரக்குக் கடையில் தங்கூசியும் தூண்டில்முள்ளும் விற்கிறேன். யார் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும். புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமிமார், ஓட்டோ ஓட்டுபவர்கள், தொடர்மாடிகளில் நாலு பேர் ஓர் அறைக்குள் படுக்கும் வீட்டுப் பையன்கள். தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பையில் பாண் துண்டை வைத்துக்கொண்டு வருவார்கள். ஞாயிறு காலையில் கால்வாய்க் கட்டில் அவர்களைப் பார்க்கலாம். பாணை எச்சில் தொட்டுப் பிசைந்து, பட்டாணி அளவுக்கு உருட்டி முள்ளில் ஏற்றுவார்கள். தங்கூசியை ஆட்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அது லேசாகத் துடிக்கும் வரை மூச்சுக்கூட விடமாட்டார்கள். ஏறுவது பெரும்பாலும் ‘டேங்க் கிளீனர்’. வீட்டுத் தொட்டியிலிருந்து யாரோ கொட்டிவிட்டுப் பெருகிய, யாரும் சமைக்காத மீன். கறுத்த தண்ணீர், ஆகாயத்தாமரை, உடைந்த போத்தல், வழுக்கும் கட்டு. எலிக்காய்ச்சல் பயம் வேறு. வேறு இடம் இல்லாததால் அங்கே நிற்கிறார்கள்.

டிரவுட்டைக் கொழும்புக்குக் கொண்டுவர முடியாது. அது குளிர்ந்த, ஒட்சிசன் நிறைந்த தண்ணீரில் வாழும் மீன். 20 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதற்குச் சிரமம் தொடங்கிவிடும். எங்கள் நகரின் சராசரி வெப்பமே 27 பாகைக்கு மேல். ஆனால் துரைமார் செய்த ஏற்பாடு எந்த ஊருக்கும் பொருந்தும். அளவோடு குஞ்சு விட வேண்டும், பிடிக்கும் மீனுக்குக் குறைந்தபட்ச நீளம் வேண்டும், ஒருவருக்கு இத்தனை மீன் என்ற கணக்கும், கரையைப் பார்க்க ஓர் ஆளும் வேண்டும். அன்று ஒரு கிளப்புக்காகச் செய்ததை இன்று ஒரு வட்டாரத்துக்காகச் செய்யலாம்.

குஞ்சுக்குப் பஞ்சமில்லை. 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா இன்று குளத்து ஊர்களின் அன்றாடக் கறி. நக்டா என்று நாங்கள் சொல்லும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, திலாப்பியாவோடு கட்லா, ரோகு குஞ்சுகளையும் நாடெங்கும் குளங்களில் விடுகிறது. ஓர் எச்சரிக்கை மட்டும் உண்டு. ஹோட்டன் சமவெளி ஓடைகளில், உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சின்ன இறால் இனம் வாழ்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த ஒரு மீனோடு அது அந்த ஓடைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. களனியிலும் இந்த நாட்டுக்கே உரிய மீன்கள் இருக்கின்றன. ஆகவே எங்கள் குளம் கங்கையோடும் கால்வாயோடும் தொடர்பில்லாத மூடிய குளமாக, வெள்ளம் ஏறாத மேட்டில் இருக்க வேண்டும். அரை ஏக்கர் போதும். கரையோரம் ஆழம் குறைவாக, சுற்றிலும் கைபிடிக் கம்பியோடு கட்டினால் தாய்மார் பயப்படத் தேவையில்லை.

நெரிசலான வெப்ப நாட்டு நகரத்தில் இது நடக்காது என்பவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். குடிநீர் சேமிக்கும் பெடோக், லோவர் செலேத்தார் நீர்த்தேக்கங்களில்கூடத் தூண்டில் போடக் கரையில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் கெடாமல் இருக்கச் செயற்கை இரை மட்டும்தான் அனுமதி. விதியும் உண்டு, இடமும் உண்டு. எங்கள் பையன்களும் விதிக்குக் கட்டுப்படுவார்கள். முள்ளின் உள்பக்கக் கொக்கியைக் குறட்டால் நசுக்கிவிட்டால் சின்ன மீனை அதிகக் காயமில்லாமல் திரும்ப விடலாம் என்று கடையில் வைத்துச் சிலருக்குக் காட்டினேன். இப்போது அவர்களே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

பின்னேரத்தில் போக ஓர் இடம் இல்லாத பையனுக்குச் சந்தி மூலையில் இடம் கொடுக்க ஆட்கள் காத்திருக்கிறார்கள். போதைப்பொருளுக்கு எதிராகப் பதாகை கட்டுவதற்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை, அந்தப் பையன் ஆறு மணி வரை பொறுமையாக உட்காரும் ஒரு கரைக்குக் கொடுங்கள்.

2018இல் கொழும்புக்கு ராம்சார் அமைப்பு ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் தந்தது. அந்தப் பெருமையில் வடகொழும்புக்கும் பங்கு உண்டு. எங்கள் வட்டாரத்தின் மாநகர சபை உறுப்பினர்களிடம் கேட்பது இதுதான்: அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இந்தக் குளத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். நக்டாவையும் நகர அபிவிருத்தி அதிகார சபையையும் ஒரே மேசைக்கு அழையுங்கள். கரையைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பை ஊராராகிய நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.