கண்மாயும் கல்விச்சாலையும்

கல்விச்சாலைகளைச் சீர்திருத்த முற்படுவோர் பெரும்பாலும் அவற்றை யந்திரமெனக் கருதுகின்றனர். ஓருறுப்புப் பழுதாயின் அதனை மாற்றினாற் போதும் என்பது அவர்தம் எண்ணம். அது பொருந்தாதென்பது எமது துணிபு. பல உறுப்புகள் ஒன்றையொன்று பற்றி இயங்கும் அமைப்புகளை ஆராய்தற்கென்றே 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் ஒரு கழகம் நிறுவப்பெற்றது. அச்சாஸ்திரத்தின் சாரத்தை இராமநாதபுரம் சீமையார் நன்கறிவர். ஒரு கண்மாயின் மறுகால் பாய்ந்தே அடுத்த கண்மாய் நிரம்புமாதலின், வறண்ட கண்மாயின் குறையை அதன் கரையில் மட்டுந் தேடுதல் வீண்.

சாயல்குடிப் பக்கத்தை நோக்குவோம். பதநீர் இறக்கும் மாதங்களிற் பெற்றோருடன் பனங்காட்டிற்குச் செல்லும் சிறுவன் பள்ளிக்கு வாரான். வாராமையாற் பாடம் பிந்தும், பிந்தியதனால் நாணமுண்டாம், நாணத்தால் மீண்டும் வாரான். காரியமே காரணமாய்ச் சுழலும் இதனை வருகைப் பதிவேட்டைக் காட்டிக் கடிவதால் அறுக்கவியலாது.

பின், எங்ஙனம் அறுப்பது? சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் 2003ஆம் ஆண்டில் தொடங்கி, 2007ஆம் ஆண்டில் தமிழகமெங்கும் தொடக்க வகுப்புகளிற் பரவிய செயல்வழிக் கற்றல் ஒரு வழி காட்டிற்று. பாடங்கள் சிறு அட்டைகளாகப் பகுக்கப்பட்டு ஏணிப்படிகள்போல் அடுக்கப்பட்டன. இடையில் வாராதிருந்த பிள்ளையும் தான் விட்ட படியினின்றே ஏறலாம். பிந்தினோமென்னும் நாணத்திற்கு ஆங்கு இடமில்லை. 2022ஆம் ஆண்டில் மதுரையில் தொடங்கப்பெற்ற காலையுணவுத் திட்டமும் இத்தகையதே. அது பசியைத் தணிப்பதுடன் வருகையையும் கவனத்தையும் ஒருங்கே தொடுகின்றது.

ஆயினும், ஒரே ஆணையால் எல்லாப் பள்ளிகளும் ஒரே பயன் எய்தா. ஈராசிரியர் ஐந்து வகுப்புகளையும் நடத்துமிடத்தில் ஏற்ற முறை வேறு. வகுப்புக்கோர் ஆசிரியர் உள்ளவிடத்தில் ஏற்ற முறை வேறு. எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்துளவெனின் நாம் செய்யத்தக்கது யாதுமின்று எனச் சோர்வாரும் உளர். அன்று, பிணைப்பை அறிந்தார்க்கே எந்த மடையைத் திறப்பதென்பது புலனாகும்.

2009ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராதல் வேண்டுமென விதித்துள்ளது. பனையேறும் பருவத்திற்கு முன்னரே அக்குழு கூடுக. தம்மூரிற் கல்வி தடைப்படும் இடத்தை ஆராய்க. சிறு மாற்றமொன்றைச் செய்து ஒரு பருவம் நோக்குக. பயன் தரின் கொள்க, இன்றேல் விடுக. அதற்குரிய சுதந்தரத்தை ஆசிரியர்க்கு அளித்தல் அரசினர் கடன். நாளை அப்பணி ஏற்கவிருக்கும் நம் கல்லூரி நண்பர்கள், பிள்ளையைக் குறைகூறுமுன் அவன் வந்த வழியைக் காண்பார்களாக.