1.586 எங்கிருந்து வந்தது?

எங்கள் ஆய்வுக்கூடக் கையேட்டில் இரண்டாம்படி வடிப்பானின் மின்தடை, மின்தேக்கி அளவுகள் யாவும் முன்னரே அச்சாகியுள்ளன. இம்முறை ஒழிய வேண்டும் என்பது என் துணிபு.

சாலன், கீ என்னும் இருவர் 1955-இல் வெளியிட்ட சுற்று அது. கனத்த கம்பிச்சுருள் வேண்டாம். ஒரு பெருக்கியே போதும். 10 கிலோ ஓம் இரண்டும் 0.01 மைக்ரோஃபாரட் இரண்டும் இட்டால் வெட்டு அதிர்வெண் ஏறத்தாழ 1,590 ஹெர்ட்ஸ். இது எளிய கணக்கு. பெருக்கம் ஏன் 1.586? மூன்றிலிருந்து பெருக்கத்தைக் கழித்து, வருவதைத் தலைகீழாக்கினால் தரக்காரணி, 1.586-க்கு அது 0.707. பட்டர்வொர்த் வடிப்பானின் சமதளம் அங்கேதான் கிட்டும். பெருக்கம் மூன்றைத் தொட்டாலோ, வடிப்பான் தானே அலையெழுப்பத் தொடங்கிவிடும், விடுதி விழா ஒலிபெருக்கி ஊளையிடுவதைப் போல!

பெருக்கத்தை அமைக்க, 10 கிலோ ஓமுடன் 5.86 வேண்டும். கடைக்காரர் தருவதோ 5.6, தரக்காரணி 0.69-க்கு இறங்கும். அது போதுமா, போதாதா? அச்சிட்டதைப் பொருத்தி முழு மதிப்பெண் பெற்றவர் எங்ஙனம் விடையிறுப்பார்? ஆசிரியர்கள் அதிர்வெண்ணை மட்டும் கொடுக்கட்டும்; ஏனையவற்றை நாங்கள் கணக்கிட்டுக்கொள்கிறோம்.