கலர் படத்தை நம்பலாமா?

ஒரகடத்தில் தொழிற்சாலைகள் வந்தபின் படப்பைப் பக்கம் மாடி வீடுகள் பெருகிவிட்டன. 'கம்ப்யூட்டரில் டிசைன் செய்தது' என்று கலர் பிரிண்ட் அவுட்டைக் காட்டினால் பலரும் நம்பிவிடுகிறோம். ஆனால் நாம் கொடுப்பதை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்குப் போடும்.

சாதாரணக் கணக்கில் சுமை இரு மடங்கானால் பீம் வளைவதும் இரு மடங்கு. நிஜ பீம் அப்படியல்ல. எம்25 கான்கிரீட் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தம் தாங்கும், ஐ.எஸ். 456 சூத்திரப்படி, வளையும்போது 3.5 நியூட்டன் இழுவிசையிலேயே விரிசல் விடும். பிறகு இழுவிசையைக் கம்பி ஏற்கும். பீமின் விறைப்பு குறையும். இதைப் படிப்படியாகக் கணக்கிடுவதே 'நான்லீனியர்' முறை.

சாதாரண வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் விரிசலை மறக்கக் கூடாது. 2001 குஜராத் பூகம்பத்துக்குப் பின், 2002ல் சென்னை நிலநடுக்க மண்டலம் 2லிருந்து 3க்கு மாற்றப்பட்டது. 2016ல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893, விரிசலற்ற நிலையில் உள்ள விறைப்பில் பீமுக்கு 35, தூணுக்கு 70 சதவீதம் மட்டுமே எடுக்கச் சொன்னது. இதைச் சாப்ட்வேரில் மாற்றாமல் விட்டால், கட்டடத்தின் ஆட்டம் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். படம் மட்டும் அழகாகவே வரும்!

எனவே உங்கள் இன்ஜினியரிடம் கேளுங்கள்: "பீமின் விறைப்பு எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?" பதில் சொல்பவரிடம் வீட்டை ஒப்படையுங்கள்.