தேர்வுக்கு உதவாத தமிழ்

குவீன்ஸ்டவுனில் என்னிடம் தொடக்கநிலையில் பயின்ற மாணவி ஒருத்தி, இப்போது ‘யோவாசோபி’ என்னும் ஜப்பானிய இருவர் இசைக்குழுவுக்கு ரசிகர் இணையத்தளம் நடத்துகிறாள். “தேர்வுக்கு உதவாத வேலை, டீச்சர்” என்று அவள் தாயார் வருந்தினார். எனக்கு அதில் உடன்பாடில்லை.

அயாசே, இக்குரா ஆகிய இருவரும் 2019இல் இணைந்தனர். சிறுகதைகளைப் பாடல்களாக்குவதே அவர்களின் தனித்தன்மை. அவர்களைப் பற்றி எழுத விரும்புபவர் கதையைப் படிக்க வேண்டும். சுருக்கி எழுத வேண்டும். பாடல் வெளியான நாளைச் சரிபார்க்க வேண்டும். பிழை சுட்டுவோருக்குப் பண்போடு விடையளிக்க வேண்டும். வகுப்பறையில் நாம் கற்பிப்பவையும் இவைதாமே?

என் கவலை வேறு. அத்தளத்தில் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை. பண்டிகைக்கும் கட்டுரைத் தாளுக்கும் மட்டுமே தமிழ் என்று பிள்ளைகள் எண்ணினால், தேர்வு முடிந்ததும் தமிழும் முடிந்துவிடும். தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி, 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். அது தேர்வுத் தாளுக்காக அன்று.

பெற்றோர்களே, தளத்தை மூடச் சொல்லாதீர்கள். வாரம் ஒரு பாடலைப் பற்றித் தமிழில் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். ஆசிரியர்களே, அதைச் சிவப்பு மையால் திருத்துமுன், ஒரு ரசிகராகப் படியுங்கள்.