உல்கைக் குறைக்கும் உரிமை எவர்க்கு?

தடையில்லா வணிகம் என்னும் பெயரால் தில்லியரசு நாடுநாடாகச் சென்று கையெழுத்திட்டு வருகின்றது. 2009-இல் தென்கிழக்காசிய நாடுகள், 2022-இல் அரபு அமீரகம், 2025-இல் பிரித்தானியா. வணிகத்தை நாம் வெறுப்பவர் அல்லேம். யவனர்க்கு மிளகு விற்றுப் பொன் பெற்ற இனம் கடலுக்கு அஞ்சுமோ? உழவன் விளைவுக்கு அரணாய் நிற்கும் உல்கைக் குறைக்குமுன், அவ்வுழவன் தேர்ந்த மாநில அரசின் ஒப்புதல் வேண்டாவோ என்பதே நம் வினா.

உல்கு என்பது இற்றைச் சுங்கவரி. புகார்த் துறையில் புலிப்பொறியிட்டு உல்கு கொண்டமையைப் பட்டினப்பாலை காட்டும். பின்னாளில் முதற் குலோத்துங்கன் அதனை நீக்கிச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' எனப் பெயர் பெற்றான். கொண்டவனும் தவிர்த்தவனும் இம்மண்ணிலிருந்தே ஆண்டனர்.

இன்றோ? 2009 ஆகத்து 13-இல் பாங்காக்கில் இட்ட கையெழுத்தால், மிளகின் உல்கை நூற்றுக்கு 70-இலிருந்து 50-ஆகவும், தேயிலைக்கும் குளம்பிக்கும் 100-இலிருந்து 45-ஆகவும், தூய்மை செய்யாத செம்பனை எண்ணெய்க்கு 80-இலிருந்து 37.5-ஆகவும் 2019 இறுதிக்குள் படிப்படியாய் இறக்கத் தில்லி ஒப்பியது. (பாமாயில் என நம் அடுக்களையில் புகுந்தது இதுவே, நுங்கு தந்த நம் பனையின் நெய் அன்று.) அவ்வெல்லைக்குமேல் அந்நாட்டுச் சரக்கின் உல்கை எளிதில் உயர்த்த இனி வழியில்லை. நீலமலைச் சிறு தேயிலை உழவனையோ, கடலையும் எள்ளும் விளைப்பவனையோ கேட்டவர் யார்?

வேளாண்மை மாநிலப் பட்டியலில் உள்ளதாம்! ஆயின் அயல்நாட்டு உடன்படிக்கையை நிறைவேற்ற எப்பொருள் பற்றியும் நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்கின்றது அரசமைப்பின் 253-ஆம் கூறு. கையெழுத்திடுதற்கோ அந்நாடாளுமன்றத்தின் ஒப்புதலும் வேண்டுவதில்லை. கேரளத்தில் இடதுசாரியினர் 2009 அத்தோபர் 2-இல் மாநில நெடுகக் கைகோத்து நின்றனர். தில்லி அசைந்ததா? 2010 சனவரி முதல்நாளே உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது.

பெல்சியத்தின் வலோனியாவைக் காண்க. மக்கள்தொகை ஏறத்தாழ 36 இலக்கமே. கனடாவோடு ஐரோப்பிய ஒன்றியம் செய்யவிருந்த உடன்படிக்கைக்கு 2016 அத்தோபரில் அதன் மன்றம் இசைய மறுத்தது. ஐரோப்பாவே காத்து நின்றது. உழவர்க்கான விளக்கவுறுதிகளைப் பெற்ற பின்னரே அது இசைந்தது. ஏழு கோடிக்கு மேற்பட்ட தமிழர்க்கு அவ்வுரிமை ஏன் இல்லை?

2019 நவம்பர் 4-இல் பதினாறு நாட்டு வணிக உடன்படிக்கையினின்று தில்லி விலகியது, நன்றே. ஆயின் விலகியதும் தில்லியின் விருப்பமே. நாளை அது மனம் மாறினால்?

தென்கிழக்காசிய உடன்படிக்கையை மறு ஆய்வு செய்ய 2023-இல் இசைந்தனர். வேளாண் பண்டம் ஒவ்வொன்றின் உல்கும் முதலில் மாநிலச் சட்டமன்றத்தின் முன் வைக்கப்படுக. மன்றம் மறுத்த பண்டம் பட்டியலினின்று நீக்கப்படுக.