கிடா முக்குகிறதா? விளக்கெண்ணெயை எடுக்காதீர்கள்!

குலதெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட கிடா. பிள்ளைகள் பெயர் வைத்துக் கொஞ்சி வளர்த்தது. காலையிலிருந்து தீனி எடுக்கவில்லை. முதுகை வளைத்து முக்குகிறது, கத்துகிறது. "புழுக்கை போகல போலிருக்கு" என்று பாட்டி விளக்கெண்ணெயோடு வருவார்.

அங்கேதான் ஒரு பொழுது வீணாகிறது. அது நீரடைப்பாக இருக்கலாம்.

பெட்டை ஆட்டுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை, அகலம். சிறு கல் இருந்தாலும் வெளியேறிவிடும். கிடாவுக்கோ நீளம், ஒடுக்கம். நடுவே வளைவு, நுனியில் புழு போல மெல்லிய குழாய். மணல் அளவு கல்லே அடைத்துவிடும். குதிரையிலும் ஆணுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். ஆனால் குதிரைக்கு வருவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் கல். தவிடு தின்னும் கிடாவுக்குப் பெரும்பாலும் பாஸ்பேட் கல்.

வில்லியனூர், பாகூர் பக்கம் நெல் விளையும் ஊர்களில் தவிட்டுக்கும் மிஞ்சிய சோற்றுக்கும் பஞ்சமில்லை. கிடா கொழுக்கட்டும் என்று அள்ளி வைக்கிறோம். தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. தீனியில் பாஸ்பரஸ் 1 பங்கு என்றால் கால்சியம் 2 பங்கு இருக்க வேண்டும். இந்தக் கணக்கு தலைகீழானால் கல்தான்.

கிடா முக்கினால் முதலில் சிறுநீர் போகிறதா என்று பாருங்கள். சொட்டுச் சொட்டாகவோ, ரத்தம் கலந்தோ வந்தால், அடிமயிரில் மணல் போல ஒட்டியிருந்தால் காத்திருக்க வேண்டாம். அடைப்பு நீடித்தால் ஓரிரு நாளில் சிறுநீர்ப்பை வெடிக்கலாம். அப்போது முக்கல் நின்று, கிடா தேறியது போலத் தோன்றும். ஏமாறாதீர்கள், வயிறு உப்பத் தொடங்கும். வாயில் தண்ணீர் ஊற்றுவதும், சிறுநீர் பெருக்கும் மருந்து கொடுப்பதும் ஆபத்து.

உள்ளூர் கால்நடை மருந்தகத்துக்கோ, குரும்பாபேட் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோங்கள். சில கிடாக்களுக்கு நுனிக்குழாயை வெட்டினாலே நீர் பாயும். இல்லாவிட்டால் அறுவை செய்து, கல்லை எடுத்து, வயிற்றின் வழியே சில நாள் குழாய் வைப்பார்கள்.

வராமல் தடுக்க, தவிட்டையும் சோற்றையும் குறையுங்கள். புல்லும் தழையும் முக்கியத் தீனியாகட்டும். நல்ல தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். சிறு குட்டியிலேயே காயடித்தால் குழாய் ஒடுங்கியே நின்றுவிடும். எப்போது செய்வது என்று மருத்துவரைக் கேளுங்கள். அமோனியம் குளோரைடு கலந்த தீனியும் அவர் சொன்ன அளவில்தான்.

பாசத்தில் கூடுதலாக வைக்கும் ஒரு படித் தவிடுதான் பல கிடாக்களுக்கு எமன். இன்றே கொஞ்சம் குறைத்து வையுங்கள்.