பழைய விபத்துக்குப் புதுச் சட்டம் வருமா?



வயலில் அறுந்து கிடந்த மின்கம்பியை மிதித்து ஒரு விவசாயி சாகிறார். குடும்பம் ஸ்டேஷனுக்கும் ஆபீசுக்கும் நடையாய் நடக்கிறது. "சம்பவம் பழசு, புதுச் சட்டம் உங்களுக்கு வராதுங்க" என்று ஒரே வார்த்தையில் அனுப்பி விடுகிறார்கள். இந்தப் பதிலில் பாதி உண்மை, பாதி ஏய்ப்பு!

உண்மை எது? கவனக்குறைவால் உயிர் போனால், பழைய இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவில் அதிகபட்சம் 2 வருஷ சிறை. 1.7.2024 முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106(1) பிரிவில் பொதுவாக 5 வருஷம் வரை. ஆனால் சம்பவ நாளில் இருந்த தண்டனைக்கு மேல் யாரையும் தண்டிக்கக் கூடாது என்கிறது அரசியல் சட்டம் 20(1). ஆகவே 2023ல் நடந்த சாவுக்கு, வழக்கு எப்போது நடந்தாலும் 2 வருஷம்தான்.

இது அநியாயம் என்று கோபம் வரும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நாமும் டிராக்டர் ஓட்டுகிறோம், மோட்டார் வைத்திருக்கிறோம். நேற்றைய செயலுக்கு இன்று சட்டம் போட்டு உள்ளே தள்ளலாம் என்றால், முதலில் மாட்டுவது ஏழை சம்சாரிதான். பின்தேதி போட்டுத் தண்டிக்கக் கேட்க மாட்டோம். அந்தக் கவசம் நமக்கும் வேண்டும்.

ஏய்ப்பு எது? நஷ்டஈட்டுக்கும் அதே பதிலைச் சொல்வதுதான். தண்டனை வேறு, நஷ்டஈடு வேறு! மத்தியப் பிரதேசத்தில் 1997ல் சைக்கிளில் வந்தவர் அறுந்த மின்கம்பி பட்டு இறந்தார். யாரோ திருட்டுத்தனமாகக் கம்பி இழுத்தார்கள் என்றது வாரியம். அபாயகரமான மின்சாரத்தைக் கையாளுகிறவரே பொறுப்பு, அலட்சியம் இருந்ததா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2002ல் சுப்ரீம் கோர்ட் சொல்லி விட்டது. இதற்குப் புதுச் சட்டம் எதற்கு?

தொகையில்தான் சிக்கல். தொழிலாளர் நஷ்டஈட்டை உயர்த்திய 1995 திருத்தம் முந்தைய விபத்துக்குப் பொருந்தாது என்று 1999ல் தீர்ப்பு வந்தது. ஆனால் மோட்டார் விபத்து மனுவுக்கான காலவரம்பை நீக்கிய 1994 திருத்தத்தின் பலன், நிலுவையில் இருந்த பழைய விபத்து மனுக்களுக்கும் உண்டு என்று 1996ல் அதே கோர்ட் சொன்னது. பின்தேதியிட்டுத் தண்டிக்கத்தான் தடை. பின்தேதியிட்டு உதவத் தடை இல்லை! மனசு இருந்தால் அரசு எழுதலாம்.

ஆகவே நாம் கேட்பது ஒன்றுதான். நிவாரணத் தொகையை உயர்த்தும் ஒவ்வொரு உத்தரவிலும் "முன்பு நடந்த விபத்துகளுக்கும் பொருந்தும்" என்ற வரி இருக்க வேண்டும். தேதியைக் காட்டித் தாலியறுத்தவளைத் திருப்பி அனுப்பாதே!

நாமும் சும்மா இருக்கக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். சம்பவத் தேதியும் நேரமும் சரியா என்று படிக்கச் சொல்லிக் கேளுங்கள். எந்தச் சட்டம் என்பதை அந்தத் தேதிதான் முடிவு செய்யும். உயிர்ச்சேத நஷ்டஈட்டு சிவில் வழக்குக்கு இறந்த நாளிலிருந்து 2 வருஷம்தான் கெடு. கெடு தாண்டும் முன் சங்கத்துக்கு வாருங்கள்.

பழைய சாவு என்று எதுவும் இல்லை! ஒன்றுபடுவோம்! உரிமையைப் பெறுவோம்!